உப்புத் தண்ணீர் வீடு

வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் என் புருஷன் முதலில் தேடியது தண்ணீர்க் குழாயைத்தான். எத்தனை அறை, பத்திரம் யார் பேரில் இருக்கிறது, மழையில் ஒழுகுமா என்று நான் தரகரைக் குடைந்துகொண்டிருப்பேன். அவர் நேராகக் கொல்லைப்பக்கம் போய், உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். தீவில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வேற்றூருக்குப் பெண் கொடுக்கப் போனாலும் எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிடுவார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவுகளில் ஒன்று. சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் கிடையாது. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுவதை மொண்டு குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். இப்போது கேன் தண்ணீர் படகில் வருகிறது. ஆனாலும் நாக்கு பழைய நாக்குதான். அந்த நாக்கை நம்பித்தான் நாங்கள் வீடு வாங்கினோம்.

எனக்கு மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை. மின்விசிறிக்கான உதிரிபாகங்களைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குகிற பிரிவு. விடிந்தும் விடியாமலும் படகு, இக்கரைக்கு வந்தால் பஸ், இறங்கினால் ஷேர் ஆட்டோ. சாயங்காலம் அதே மூன்றும் தலைகீழாக. காற்று பலமாக இருந்தால் படகு வராது. பழவேற்காட்டுக் கரையில் என்னைப் போன்ற நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து, எதிரே தெரிகிற எங்கள் ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்கு எட்டுகிற வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பது போன்ற எரிச்சல் வேறு எதிலும் கிடையாது.

மகள் என் நாத்தனார் வீட்டில் சாப்பிட்டு, நாத்தனார் வீட்டிலேயே தூங்கிவிடுவாள். காலையில் நான் கிளம்பும்போதும் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். அவளுடைய முன்பல் விழுந்த செய்தியை எனக்கு நாத்தனார்தான் சொன்னாள். பல்லைக் கூரையில் வீசியாகிவிட்டது, பிள்ளை அழவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பிள்ளையின் பல் விழுந்ததை எனக்கு வேறொருத்தி வந்து சொல்வதா? தூங்குகிற மகளின் வாயில் விரலை விட்டு அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தேன். அவள் தூக்கத்திலேயே என் விரலைக் கடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் புருஷன் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"மீஞ்சூருல ஒரு வூடு பாக்கலாம்யா. சின்னதா இருந்தாலும் தாவலை, இடிஞ்சி கெடந்தாலும் தாவலை. நம்ம கையால சரி பண்ணிக்கலாம்," என்றேன்.

அவர் நிமிராமலே கேட்டார். "அப்ப பாடு?"

பாடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடங்கள் சில உண்டு. அங்கே நினைத்தவன் நினைத்த நேரத்தில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போடும். இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஊரில் குடியிருந்து, வரி கட்டி, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற ஆம்பிளைக்குப் பாடு உண்டு. ஊரை விட்டுக் குடிபோனவனுக்குக் கிடையாது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எண்ணூர்ப் பக்கம் குடிபோனார். அடுத்த சீட்டில் அவர் பேர் இல்லை. அவர் சண்டைகூடப் போடவில்லை, அப்படித்தான் என்று அவருக்கே தெரியும்.

"பாடு போச்சின்னா நான் யாரு?" என்றார் என் புருஷன். "மீஞ்சூருல போயி இன்னான்னு சொல்லிக்கினு சுத்துவேன்? கம்பெனிக்காரி புருஷன்னா?"

"சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?" என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் பயந்திருந்தார், அது எனக்குப் புரிந்தது. தண்ணீரில் தனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் அந்த மனுஷன் நிமிர்ந்து நடக்கிறார்.

கடைசியில் நாங்கள் இப்படிப் பேசி முடித்தோம். வீடு பார்க்கலாம், வாங்கலாம், குடிபோகலாம். சீட்டுப் போடுகிற அன்றைக்கு அவர் பேர் விடுபட்டுப்போனால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தீவுக்கே திரும்பிவிட வேண்டும். நான் மறுபடி படகு, பஸ், ஆட்டோ. அவர் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் கேட்டார். செய்தேன். ஊர்த் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சீட்டு போடறன்னிக்கு ஊரு பேசும்," என்றார். அவ்வளவுதான்.

தரகர் எப்போது பார்த்தாலும் காதில் ப்ளூடூத் மாட்டியிருப்பார். எங்களோடு நடந்துகொண்டே இன்னொருவரோடு பேசுவார். "வாங்க, வாங்க" என்பது எங்களுக்கா காதில் இருப்பவருக்கா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்போம். முதலில் காட்டிய வீடு புத்தம் புதுசு. விலையைக் கேட்டதும், கொடுத்த டீயைக் குடிக்கலாமா வேண்டாமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது வீடு தெருவைவிடப் பள்ளத்தில் இருந்தது. "இங்கியும் ஒரு படகு வாங்கணும்போல," என்றார் என் புருஷன். அடுத்த வீட்டில் வீட்டுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏரிக்காரங்களா? மீன் கீன் காய வெக்க மாட்டீங்களே?"

"மீன் காயறதுக்கு வெயிலு வேணும் சார்," என்றேன். "உங்க வூட்டுல அது எங்கியும் காணோமே."

தரகர் அன்றைக்கு எங்களை விட்டுவிட்டு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவரிடம் யாருமே வாங்காத ஒரு வீடு கையில் இருந்திருக்கிறது.

அது ரயில்வே லைனுக்குப் பின்னால், சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு முருங்கை மரம், மேலே மொட்டை மாடி. பல வருஷமாகப் பூட்டியே கிடந்ததாம். சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லைக் காட்டியது. கதவுகளின் அடிப்பாகம் கரைந்து போயிருந்தது. குளியலறைக்குக் கதவே இல்லை. ஆனால் ஜன்னலைத் திறந்ததும் உள்ளே வெளிச்சம் வந்தது. தெருமுனையில் பள்ளிக்கூடம். கம்பெனிக்கு நான் நடந்தே போய்விடலாம். வாசலில் நின்றபடியே மனசுக்குள் நான் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் புருஷன் வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே ஒரு அடிபம்பு இருந்தது. அதைப் பார்த்ததும் தரகர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணா, அண்ணா, அத்த அப்பால பாக்கலாம். மொதல்ல மாடிய பாருங்க, காத்து பிச்சிக்கினு வருது."

அதற்குள் என் புருஷன் அடித்துக் குடித்துவிட்டார். இன்னொரு கை பிடித்துக் குடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இனிக்குதுமே!"

நானும் குடித்தேன். மெய்யாகவே நன்றாக இருந்தது. எங்கள் ஊற்றுத் தண்ணீருக்கு இது எவ்வளவோ மேல். மகளும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். தரகர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பழகியதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் காதிலிருந்து ப்ளூடூத்தைக் கழற்றினார்.

"அண்ணா, நெஜமாவே உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

இப்படித் தண்ணீர் உள்ள வீட்டை யாரோ ஒரு ஏமாளி மலிவாக விற்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்க, சுவர் மோசம், கதவு மோசம் என்று குறை சொல்லி விலையை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கழுத்துச் சங்கிலி போயிற்று, கம்பெனியில் கடன் வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை, வீடு வாங்குகிற எல்லோரும் செய்வதுதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டைச் சரி செய்துவிட வேண்டும் என்று திட்டம். கொத்தனாரும் அவர் மனைவியும் சேர்ந்தே வேலைக்கு வருவார்கள். அவர் பூசுவார், அந்த அம்மா கலவை போட்டுக் கொடுப்பார். முதல் நாளே கொத்தனார் கேட்டார். "பம்புத் தண்ணி எப்படி?"

"சூப்பர் தண்ணி," என்றார் என் புருஷன். "சும்மாவே குடிக்கலாம்."

அந்தத் தண்ணீரிலேயே சிமென்ட் குழைத்தார்கள். அந்தத் தண்ணீரையே காலையும் மாலையும் சுவர் மேல் ஊற்றினோம். பாடு முறை இல்லாத நாட்களில் என் புருஷன் கூடமாட வேலை செய்தார். பூச்சு முடிந்து சுவர் நேராக நின்றபோது நான் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கம்பெனியில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். வெள்ளையடிக்கிற வேலை மட்டும்தான் பாக்கி.

கொஞ்ச நாளிலேயே, நாங்கள் அடிக்காமலே சுவர் வெள்ளையாக ஆரம்பித்தது. தரையை ஒட்டி மாவு பூத்த மாதிரி ஒரு பொடி. துடைத்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே பூக்கும். அப்புறம் பூச்சு உப்பி, தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நேராகப் போய்ப் பம்பை அடித்து ஒரு வாய் குடித்தார். குடித்ததை முருங்கை மரத்தடியில் துப்பினார்.

"ஏம்மா, இத்த போயா சூப்பர் தண்ணின்னு சொன்னீங்க? உப்பு கரிக்குது!"

"உப்பா? இதுவா?" என்றார் என் புருஷன். இன்னொரு தடவை குடித்துப் பார்த்தார். நானும் குடித்தேன். எங்களுக்கு அப்போதும் அது இனிக்கத்தான் செய்தது.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே முழங்கையை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தண்ணிய நாங்க மாடு கழுவறதுக்குக்கூட எடுக்க மாட்டோம். வூடு பாக்க வந்தவங்க எல்லாம் ஒரு வாய் குடிச்சிட்டு ஓடியே போயிட்டாங்க. நீங்க மட்டும் கொழந்தைக்குக்கூட குடுத்தீங்களே, இன்னா நேர்த்திக்கடனோன்னு நெனச்சேன்," என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. தரகரைத் திட்டலாம் என்றால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. புருஷனைத் திட்டலாம் என்றால் நானும்தானே குடித்தேன். "மெய்யாலுமே இனிச்சிதுமே," என்று அவர் பரிதாபமாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிமென்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செய்ததையெல்லாம் பெயர்த்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்தோம். கதவு ஜன்னல்களைத் திறந்து போட்டுச் சுவரைக் காயவிட்டோம். இந்தத் தடவை லாரித் தண்ணீர் வாங்கி டிரம்மில் நிரப்பி வைத்தோம். டிரம்மைத் திறந்ததும் முதலில் கொத்தனார் குடித்துப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் அவர் கிட்டேயே விடவில்லை.

இதற்குள் தீவில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மொட்டை மாடி இருக்கிறது என்று என் புருஷன் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது மாடி வீடாயிற்று. மாடி வீட்டுக்குத் தரை மார்பிளாயிற்று. ஒரு நாள் காலையில் கரையில் பெரிய படகு ஒன்றை மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரையும் கூப்பிட்டவர்கள் இவரைக் கூப்பிடவில்லை. இவராகப் போய்த் தோளைக் கொடுத்தபோது ஒருவர், "நீ எதுக்குப்பா? கைல மார்பிள் அழுக்காயிடும்," என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். என்னிடம் சொல்லும்போது இவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. கூப்பிடாமல் விடுவதில்தான் ஊர் ஆரம்பிக்கும், பேரை எடுப்பது அப்புறம்தான் என்று எனக்கும் தெரியும்.

"வேணாம்யா, வித்துடலாம்," என்று நானே ஒரு தடவை சொன்னேன். சுவரைக் கொத்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ ஒடச்சிட்டு எவன் தலைல கட்டறது? சும்மா கெட," என்றார். அவருக்கும் இந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயம் இரண்டு மடங்காகவும் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர்த் தலைவர் வாசலில் வந்து நின்றார். டாக்டரிடம் கண் காட்ட மீஞ்சூர் வந்தாராம், அப்படியே விசாரித்துக்கொண்டு வந்தாராம். என் புருஷனைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதோடு முடிந்தது. வீட்டுக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார். தரையெல்லாம் செங்கல் துண்டு. ஜன்னல் கதவைக் கழற்றி வைத்திருந்த இடத்தில் சாக்கு தொங்கியது. என் புருஷன் கிழிந்த லுங்கியோடு, தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூசியாக நின்றார்.

"மார்பிள் எங்கடா?" என்றார் தலைவர்.

அவர் கொல்லைப்பக்கம் போனார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, தடுப்பதற்குள் பம்பை அடித்துக் குடித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தண்ணி நல்லாக்கீதே! இந்த ஊருல இப்டி ஒரு தண்ணியா?"

சாரத்தின் மேல் நின்றிருந்த கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். அவர் மனைவி கலவைப் பாண்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் புருஷன் தயங்கித் தயங்கி, உப்பு பூத்த கதை முழுவதையும் சொன்னார். தலைவர் மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"இதுவாடா உப்பு?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிரித்து முடித்ததும் அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார். "ஒம் மொற வந்தா எப்டி வருவ?"

"மொத நாளே வந்து அக்கா வூட்டுல படுத்துக்குவேன்ணா."

"சாவு உழுந்தா?"

"போன் பண்ணுங்க. எந்த வண்டி கெடைக்குதோ அதுல வந்து நிப்பேன்."

"திருவிழாவுக்கு?"

"வராம எங்க போவேன்?"

தலைவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்று நான் காத்திருந்தேன். "பாக்கலாம்," என்றார். வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று எனக்கு எரிந்தது. என் புருஷன் மட்டும், "கேட்டாரு இல்ல? கேக்காமயே இருந்திருந்தாதான் பயம்," என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கத் திரும்பினார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் பால் காய்ச்சினோம், லாரித் தண்ணீர் விட்டுத்தான். கடைசி அறைச் சுவர் மட்டும் இன்னும் காய்ந்து முடியவில்லை. குளியலறைக்குக் கதவு வந்திருந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் வேலை முடிந்து நடந்து வந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே வாசல்படியில் என் மகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் வெயில் இறங்கவில்லை. அவள் முழித்திருந்தாள். டீச்சர் பேர், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பேர், யார் யாரை அடித்தார்கள், ரயில் ஏன் அப்படிக் கத்துகிறது என்று விடாமல் பேசினாள். எனக்குக் கால் வலித்தது, காது வலித்தது, சமைக்க வேண்டியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குறைவு. சீட்டு வரைக்கும்தானே என்று உடனே மனசு சொன்னது. அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சந்தோஷமும் அந்த நினைப்பும் ஒன்றாகவே வந்தன.

என் புருஷன் மொட்டை மாடியில் நின்று காற்றைப் பார்ப்பார். "கச்சான் காத்து," என்பார், மேற்கே பார்த்து. கேட்பதற்கு அங்கே நான் மட்டும்தான். முறை வந்தால் முந்தின நாளே கிளம்பிப் போனார், இறாலோடு திரும்பினார். ஊர் வேலை என்று காதில் விழுந்ததற்கெல்லாம் கூப்பிடாமலே போய் நின்றார். சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை.

சீட்டுப் போடுகிற அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கே அவர் கிளம்பிவிட்டார். நான் லீவு போட்டேன். பொம்பளைகள் அங்கே போய் நிற்பதில்லை, கம்பெனிக்குப் போனாலும் எனக்கு வேலை ஓடாது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கடைசி அறைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தேன். மகளுக்கு ஒரு சின்ன பிரஷ்ஷைக் கொடுத்தேன், அவள் தன்னையே வெள்ளையடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"சட்டப் பையில வெச்சிக்கிறேன். கேட்டுக்கினே இரு. பேசாத," என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். காற்றுச் சத்தம், காக்கைச் சத்தம், சட்டை உரசுகிற சத்தம். அப்புறம் ஒருவர் குரல் உயர்ந்தது.

"ஊர்ல குடி இல்லாதவனுக்குப் பாடு குடுத்தா நாளிக்கு அத்தன பேரும் போயிடுவான். அப்பால ஊரு எதுக்கு?"

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன், சுண்ணாம்பு முழங்கை வழியாக ஒழுகியது. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கே தோன்றவில்லை. அதனால்தான் கலக்கமாக இருந்தது.

என் புருஷன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தலைவர் குரல் வந்தது.

"குடிபோனவன் எவனும் திரும்பி வரல, அதான் பேர எடுத்தோம். இவன் வந்துகினு கீறான். படகு தூக்கறப்ப நின்னான். போன வாரம் சாவுக்கு நம்ம எல்லாருக்கும் முன்னால வந்து நின்னான். வந்துகினு கீறவன போயிட்டான்னு எப்டி சொல்றது?"

"அது எத்தினி நாளிக்கு?" என்றார் அந்த முதல் ஆள்.

"பாக்கலாம். இந்த ஒரு சீட்டுக்குப் பேரு இருக்கட்டும். மொற வந்து இவன் கரைல நிக்கலன்னா, நானே எடுத்துடறேன்."

சத்தம் எழுந்தது, அடங்கியது. ஒத்துக்கொண்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து வருகிற சத்தத்தில் எதுவும் தெளிவாக இல்லை. சீட்டைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரே பேர் நாலு பேருக்கு இருக்கும். அதனால் வெறும் பேரை யாரும் சொல்வதில்லை, முன்னால் ஒரு அடையாளம் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் புருஷனை அவர் அப்பாவை வைத்துக் கூப்பிடுவது வழக்கம். நான் அந்த அடையாளத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பேர் வந்தது, நாத்தனார் புருஷன் பேர் வந்தது, படகுக்காரர் பேர் வந்தது. ஒரு ரயில் போயிற்று. அது போகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த ரயிலை வாய்விட்டுத் திட்டினேன்.

ரயில் போனதும் சீட்டு எடுப்பவரின் குரல் கேட்டது.

"மீஞ்சூர் வூட்டுக்காரன்," என்று சொல்லி, அதற்குப் பின்னால் என் புருஷனின் பேரைச் சொன்னார்.

ஊரே சிரித்தது. முன்னே படகுக் கரையில் இவரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை, இது வேறு சிரிப்பு.

"இங்கதான் கீறேன்," என்றார் என் புருஷன்.

பேசாதே என்று சொல்லியிருந்ததால், சுண்ணாம்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா எங்கமா கீறாரு?"

"ஊர்ல," என்றேன்.

"எப்ப வூட்டுக்கு வருவாரு?"

"சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடுவாரு," என்றேன்.